ஆறு வாரம் நின்ற லாரி

எங்கள் அலுவலகத்தில் டீ வந்தால் எல்லோரும் நாக்கைச் சுட்டுக்கொண்டு இரண்டே மடக்கில் குடித்து முடிப்போம். பிறகு மதியச் சாப்பாடு வரை செய்வதற்கு ஒன்றும் இருக்காது. அந்த டாக்டரம்மா மட்டும் டம்ளரை எதிரே வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். மேலே ஆடை படிய வேண்டும், ஓர் ஈ வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும், அதற்கப்புறம்தான் அவர் கை டம்ளருக்குப் போகும். "ஆறட்டும் சார். அது எங்க போயிடப் போவுது" என்பார்.

கால்நடை மருத்துவர். கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் வேர்க்கடலை போடுகிற குடும்பம். தினமும் அங்கிருந்து பஸ்ஸில் வருவார். முதல் பஸ்ஸில் தள்ளுமுள்ளு ஜாஸ்தி என்று அதை விட்டுவிட்டு அடுத்ததில். அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. அவரைக் கேட்காமல் ஏற்கெனவே ஒருமுறை அவர் செய்த வேலையைப் பற்றி எழுதியவன் நான். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளர். கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஒருவர் கொட்டாவி விட்டால் 'ஆழ்ந்து பரிசீலித்தார்' என்று எழுதுவேன். இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டால் 'கருத்துகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன' என்று எழுதுவேன். என் தமிழுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர் உண்டு, எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

முதலில் பூங்காவைச் சொல்லிவிடுகிறேன். ஊர் ஓரத்தில், காலை நடை போகிறவர்களுக்காகக் கட்டிய பூங்கா அது. பின்பக்க மதில் ஒரு மழையில் சரிந்து, அதைக் கட்டுவதற்கான கோப்பு மூன்று வருடம் மேஜை மேஜையாகச் சுற்றியது. கோடையில் மலைச்சரிவில் தண்ணீர் வற்றியதும் புள்ளிமான்கள் அந்த உடைப்பு வழியாக உள்ளே வந்து செயற்கை நீரூற்றில் தண்ணீர் குடித்துவிட்டுப் போகும். கட்டிய நாளிலிருந்து அந்த நீரூற்று யாருக்காவது பயன்பட்டது என்றால் அவற்றுக்குத்தான். மூன்றாவது கோடையில் உத்தரவு வந்தது. ஒப்பந்தக்காரர் எங்கள் ஊர் வரலாற்றிலேயே முதன்முறையாக, சொன்ன தேதிக்கு ஒருநாள் முன்னதாக மதிலை எழுப்பி முடித்துவிட்டார். உள்ளே ஏழு மான் நின்றுகொண்டிருந்தன.

மதிலை மறுபடி இடிப்பதென்றால் அதற்கு ஒரு கோப்பு போட வேண்டும். அதைவிட 'மான் பூங்கா' என்று ஒரு போர்டு எழுதுவது சுலபமாக இருந்தது. போர்டைத் திறந்துவைக்க ஒரு விழாவும் நடந்தது. குறிப்பு நான்தான் எழுதினேன்: 'பொதுமக்களின் நீண்டநாள் கோரிக்கை நிறைவேறியது.'

ஏழு என்பது நாலைந்து வருடத்தில் முப்பதைத் தாண்டியது. புல் போயிற்று, செடி போயிற்று, கைக்கு எட்டிய மரப்பட்டையெல்லாம் போயிற்று. நடை போகிறவர் ஒருவரின் வேட்டியில் ஒரு கிடா கொம்பை விட்டுவிட்டது. அவர் வேட்டியைக் கிடாவிடம் விட்டுவிட்டு வீடு போய்ச் சேர்ந்தார். மறுநாளே புகார் மனு வந்தது. அப்போதுதான் அந்த டாக்டரம்மாவைப் பூங்காவுக்குப் பொறுப்பாகப் போட்டார்கள்.

மனிதர்கள் பொதுவாக ஒரு வேலையில் சேர்ந்தால் முதல் வாரம் எதையாவது மாற்றுவார்கள். இவர் முதல் வாரம் ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். இரண்டாவது வாரம் கொஞ்சம் கிட்டே போய் உட்கார்ந்தார். "அங்க என்னம்மா பண்றீங்க?" என்று எங்கள் அதிகாரி கேட்டதற்கு, "பழகிக்கறேன் சார்" என்றார். "மானோடயா?" "அதுங்க என்னோட."

மானுக்குத் தின்னக் கொடுக்கிறவர்களிடமும் அவர் இப்படித்தான். டிவியில் ஒரு ஜோசியர், மிருகசீரிஷ நட்சத்திரக்காரர்கள் மானுக்கு உணவிட்டால் தடைகள் விலகும் என்று சொல்லிவிட்டார். அன்று முதல் கிரிவலம் வருகிறவர்கள் பாதிப் பேர் பூங்கா வேலி ஓரம் ஒதுங்கினார்கள். வாழைப்பழம், பிஸ்கட், நெய் ஒழுகும் சர்க்கரைப் பொங்கல், ஒருவர் வடைகூடக் கொண்டுவந்தார். என் மனைவிக்கும் அதே நட்சத்திரம். எங்கள் வீட்டில் விலக வேண்டிய தடைகள் நிறைய இருந்ததால் அவளும் வாரம் தவறாமல் போனாள்.

வேறு யாராக இருந்தாலும் 'உணவளிக்காதீர்' என்று போர்டு வைத்து, விசில் ஊதி, அபராதம் போட்டிருப்பார்கள். டாக்டரம்மா என் மனைவி பக்கத்தில் போய் நின்று, "குடுத்தாச்சா? உடனே கிளம்பிடாதீங்க. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னாராம். இவள் நின்றிருக்கிறாள். மான் பழத்தைத் தின்று முடித்து, பழம் வந்த பிளாஸ்டிக் பையையும் நிதானமாக மென்று விழுங்கியிருக்கிறது. வீட்டுக்கு வந்து அன்று இவள் சாப்பிடவில்லை. பிறகு போகவும் இல்லை. தடைகள் அப்படியே இருக்கின்றன.

'மான்களின் எண்ணிக்கையை மனிதாபிமான முறையில் கட்டுப்படுத்துவதற்கான ஆலோசனைக் கூட்டம்' எங்கள் அலுவலகத்தில் நடந்தது. சமோசா வைத்தோம். முதலில் டாக்டரம்மாவைத்தான் கேட்டார்கள். அவர் சொன்னது ரொம்பச் சாதாரணம்: "நடுவுல ஒரு வேலி போடுவோம் சார். கிடாங்க அந்தப் பக்கம், பொட்டைங்க இந்தப் பக்கம். குட்டி போடறது நின்னா தரைக்கு மூச்சு வரும். அப்புறம் நிதானமா யோசிக்கலாம்."

பூங்காவுக்கு நீரூற்று உபயம் செய்த பெரியவர் ஒருவர் கூட்டத்துக்கு வந்திருந்தார். அவர் கையிலிருந்த சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டார். "அம்மா, ஒடம்புல பாதிய அம்பாளுக்குக் குடுத்த சாமி இருக்கற ஊரு இது. தீபத்தன்னிக்கி அர்த்தநாரீஸ்வரர பாக்க லட்சம் பேரு நிக்கறான். இங்க வந்து ஜோடியப் பிரிக்கறேன்னு சொல்றீங்களே."

எங்கள் அதிகாரிக்கு முகம் வெளுத்துவிட்டது. அவர் பெண்ணுக்கு அந்த வருடம்தான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "வேலி வேண்டாம், வேலி வேண்டாம்" என்று இரண்டு முறை சொன்னார். நான் 'ஆன்மிக மாண்பு கருதி அக்கருத்து கைவிடப்பட்டது' என்று எழுதினேன்.

அடுத்து ஒருவர், மதிலைத் திறந்துவிட்டால் தானாகப் போய்விடாதா என்றார். "போவும் சார். ஆனா மலைக்குப் போற வழில இப்ப நாலு லாட்ஜ், ஒரு கல்யாண மண்டபம், ஊர் நாய் பூரா" என்றார் டாக்டரம்மா. அதற்கப்புறம்தான் எல்லோருக்கும் பிடித்த யோசனை வந்தது. இருபது ஆள், வலை, ஒரு லாரி. காலையில் வளைத்துப் பிடித்து ஏற்றினால் மத்தியானத்துக்குள் செங்கம் பக்கத்துக் காட்டில் விட்டுவிடலாம். ஒரே நாளில் வேலை முடியும். எந்தக் கோப்பும் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்கு மூன்று மாதத்துக்குக் குறைந்து போகாத அலுவலகத்தில், மான் விஷயத்தில் மட்டும் திடீரென்று எல்லோருக்கும் அவசரம் வந்துவிட்டது.

டாக்டரம்மாவின் டீ அப்போது ஆறித்தான் இருந்தது. ஆனாலும் அவர் எடுக்கவில்லை.

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல இப்படித்தான் சார் புடிச்சோம்" என்றார். "வலை போட்டு, கத்தி, விரட்டி. ஒண்ணு மேலயும் ஒரு கீறல் இல்ல. எல்லாரும் கை தட்டினாங்க. போட்டோ எடுத்தாங்க. ரெண்டாம் நாள்லேர்ந்து ஒண்ணொண்ணா சாஞ்சுது. மான் ஓடி ஓடி பயந்துதுன்னா உள்ள சதை வெந்த மாதிரி ஆயிடும். அன்னைக்கே சாவாது. எல்லாரும் வீட்டுக்குப் போன அப்புறம்தான் சாவும். அறுத்துப் பாத்தது நான்தான்."

அவர் தொடர்ந்தார். "லாரி குடுங்க சார். டிரைவரும் வேணும். ஆனா வண்டி இப்போதைக்கு எங்கயும் போவாது."

லாரி வந்தது. அதோடு டிரைவர் ஏழுமலையும் வந்தார். மதில் மூலையில் பச்சை நிழல்வலையால் ஒரு பட்டி கட்டினார்கள். வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. பட்டியின் ஒரு முனை குறுகிக்கொண்டே போய் லாரியின் பின்பக்கத்தில் முடிந்தது. அங்கே சாய்வாகப் பலகை போட்டு, அதன்மேல் மண்ணைக் கொட்டி, புல் பரப்பினார்கள். லாரிக்குள் அகத்தித் தழையும் வேலிமசால் தீவனமும். லாரிக் கதவு திறந்தே இருக்கும். மான்கள் வரலாம், தின்னலாம், போகலாம். தினம் ஒருமுறை ஏழுமலை இன்ஜினைப் போட்டு ஒரு நிமிடத்தில் அணைக்க வேண்டும். வேறு வேலையே கிடையாது.

"முப்பது வருசமா வண்டி ஓட்றேன் சார்" என்று ஏழுமலை என்னிடம் வந்து முறையிட்டார். "வண்டிய நிக்க வெக்கறதுக்கு டூட்டி போட்டது இந்த அம்மாதான். பேஜாரா கீது." வாகனக் குறிப்பேட்டில் தினமும் ஓடிய தூரம் பூஜ்யம். 'பயண நோக்கம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் அவர் 'நிற்றல்' என்று எழுதிவந்தார். மேலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது: ஓடாத வாகனம் எதற்காக ஒதுக்கப்பட்டது? டாக்டரம்மா அதற்குக் கீழே ஒரே வரி எழுதினார்: 'மான்கள் ஏறுவதற்கு.'

மூன்றாவது வாரம் ஏழுமலை மாறிப்போனார். நான் கேட்காமலே போன் பண்ணுவார். "சார், அந்தக் கெழட்டுப் பொட்டை இன்னிக்கி பலகைல முன்னங்கால வெச்சுது. அது ஏறிச்சின்னா மத்ததுங்க பின்னாடியே வந்துடும்னு அம்மா சொல்றாங்க." வீட்டில் மகளுக்குப் பிரசவம் என்றபோதுகூட அவர் குரலில் இவ்வளவு பரபரப்பு இல்லை.

இந்த இடத்தில்தான் நான் ஒரு நல்ல காரியம் செய்தேன். டாக்டரம்மா புடவைக்கு மேலே ஒரு சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டுதான் பூங்காவுக்குள் போவார். அதைத் துவைக்கவே மாட்டார். கூட்டம் இருக்கிற நாளில் அதைக் கழற்றி எங்கள் அலுவலக ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். என் நாற்காலிக்கு நேர் மேலே அந்த ஆணி. ஒரு வெள்ளிக்கிழமை பொறுக்கமுடியாமல் அதை வீட்டுக்கு எடுத்துப்போனேன். என் மனைவி அலசி, ஊறவைத்து, மல்லிகை வாசம் வருகிற ஏதோ திரவத்தில் முக்கி, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள். திங்கட்கிழமை பெருமையோடு ஆணியில் மாட்டினேன்.

அன்று டாக்டரம்மா பட்டிக்குள் கால் வைத்ததும் அத்தனை மானும் மறுகோடிக்கு ஓடிவிட்டனவாம். மறுநாளும் கிட்டே வரவில்லை. அந்தக் கிழட்டுப் பொட்டை பட்டிப் பக்கமே தலைகாட்டவில்லை. நான் மன்னிப்புக் கேட்கப் போனேன். மல்லிகை வாசத்தோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

"இப்ப என்ன மேடம் பண்றது?"

"மறுபடி அழுக்காவணும் சார்."

"எத்தன நாளு ஆவும்?"

"ஒரு வாரம், பத்து நாள்." கொஞ்ச நேரம் கழித்து, கோபம் இல்லாமல், "நல்லது பண்ணணும்னுதான் செஞ்சீங்க. இந்த ஊர்ல மானுக்கு வர்ற கஷ்டம் எல்லாம் அப்படித்தான் வருது" என்றார்.

எங்கள் அதிகாரிக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. "கொம்பு இருக்கற கிடாங்களை ஏத்த முடியாது சார், ஒண்ணை ஒண்ணு குத்திடும். கொம்பு விழட்டும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். "என்னைக்கும்மா விழும்? தேதி சொல்லுங்க" என்று இவர் கேட்க, "அது மானுக்குத்தான் சார் தெரியும்" என்று அவர் சொல்ல, இவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு சற்றுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் அதை 'கால அட்டவணை விவாதிக்கப்பட்டது' என்று எழுதினேன்.

கொம்பு விழுந்தது. அதே சமயம் மேலிடத்துப் பிரமுகர் ஒருவர் ஊருக்கு வருவதாகச் செய்தி வந்தது. அவர் கையால் கொடியசைத்து மான்களை வழியனுப்புவது என்று முடிவாயிற்று. ராகுகாலம், எமகண்டம், பிரமுகருக்குச் சந்திராஷ்டமம் எல்லாம் கழித்து, பத்தரை மணிக்கு நேரம் குறித்தார்கள். மேடை, பந்தல், வரவேற்பு வளைவு. கயிலாய வாத்தியக் குழு ஒன்றுக்குச் சொல்லியாயிற்று. அந்தக் கொட்டுச் சத்தத்தில் பக்கத்தில் நிற்கிற ஆளுக்கே நெஞ்சு அதிரும். போதாததற்கு ஒரு பத்தாயிரம் வாலா.

டாக்டரம்மா அதிகாரி அறைக்குப் போனார். "சத்தம் இல்லாம பண்ணலாமா சார்?"

"சத்தம் இல்லாம எப்படிம்மா விழா?" என்றார் அவர். அவர் பக்கத்திலும் நியாயம் இருந்தது.

வெளியே வந்தவர் என் மேஜை முன்னால் நின்றார். "சார், ஒரு சந்தேகம். விழா லாரிக்கா, மானுக்கா?"

நான் அழைப்பிதழ் வாசகத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். நிமிராமலே, "கொடி அசைக்கறது லாரிக்குத்தான் மேடம்" என்றேன்.

"அப்ப சரி" என்றார்.

விழாவுக்கு முந்தைய நாள் காலை, வரவேற்புரையில் போடுவதற்கு ஆண் மான் எத்தனை, பெண் மான் எத்தனை என்று கேட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள். பூங்காவின் முன்பக்கம் பந்தல்காரர்கள் சுத்தியலோடு வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். நான் பின்பக்கமாகப் போனேன். டாக்டரம்மா அந்தச் சட்டையோடு பலகைமேல் ஏறிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த அகத்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக்கொண்டே நடந்தார். பின்னால் அந்தக் கிழட்டுப் பொட்டை. அதன் பின்னால் மற்றவை, ரேஷன் கடை வரிசையைவிட ஒழுங்காக. அவர் லாரியின் பக்கவாட்டுச் சின்னக் கதவு வழியாக இறங்கி வெளியே வந்தார். ஏழுமலை பின்கதவைக் கயிற்றால் மெல்ல இறக்கினார். கதவு இடிக்கிற இடத்தில் தென்னை நார் மெத்தை கட்டியிருந்தார்கள். சத்தமே வரவில்லை.

லாரி நடக்கிற வேகத்தில் பின்வாசல் வழியாக வெளியேறியது. பூங்காவுக்குள் திரும்பிப் பார்த்தேன். ஒரு மான்கூட இல்லை.

"இது மூணாவது நடை" என்றார் டாக்டரம்மா. "மொதல் ரெண்டும் போன வாரமே போயாச்சு. இந்தக் கெழவி திரும்பி வர்றதுக்குத்தான் காத்துட்டு இருந்தோம்."

"மேடம், நாளைக்கு விழா."

"விழா லாரிக்குன்னு நீங்கதான சார் சொன்னீங்க. லாரி சாயந்திரம் வந்துடும்."

ஒரு வாரமாக மான் குறைந்துகொண்டே வந்ததை ஊரில் ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பந்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பத்தரைக்கு விழா நடந்தது. தார்ப்பாய் போட்டு மூடிய லாரிக்கு மாலை போட்டுச் சந்தனம் வைத்திருந்தார்கள். பிரமுகர் கிட்டே வந்து, "உள்ள எல்லாம் நல்லா இருக்குங்களா?" என்று கேட்டார்.

"எல்லாம் பத்திரமா இருக்குதுங்க சார்" என்றார் டாக்டரம்மா. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பிரமுகர் தார்ப்பாயில் காதை வைத்துக் கேட்டார். "சத்தமே இல்லையே. என்ன அடக்கம்" என்று வியந்தார். கொடி அசைந்தது. கொட்டு முழங்கியது. பத்தாயிரம் வாலா வெடித்து, காக்காய்கள் எல்லாம் ஏரிக்கு அந்தப்பக்கம் போயின. ஏழுமலை விறைப்பாக உட்கார்ந்து வெற்று லாரியை ஓட்டிக்கொண்டு போனார். பைபாஸில் டீ குடித்துவிட்டு மதியம் திரும்பி வந்தார். உபயதாரப் பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஜோடியப் பிரிக்காம அனுப்பிட்டோம்" என்றார்.

அன்று மாலை டாக்டரம்மா ஒரு நோட்டை என் மேஜைமேல் வைத்தார். நாற்பது பக்க நோட்டு. லாரி வந்த நாளிலிருந்து ஒவ்வொரு நாளும் என்ன நடந்தது என்று எழுதியிருந்தார். "அறிக்கைக்கு இணைப்பா வெச்சிடுங்க சார். என் பேரு வேணாம். அடுத்தவங்க யாராவது பண்ணும்போது இது வேணும். ஆறு வாரம் ஆவும்னு அவங்களுக்குத் தெரியணும்."

"கண்டிப்பா வெக்கறேன் மேடம்" என்றேன்.

வைக்கவில்லை. அதிகாரி, "சுருக்கமா, நச்சுனு எழுதுங்க. அரை மணி நேரத்துல முடிஞ்சுதுன்னு வரட்டும்" என்றார். நோட்டை வைத்தால் மான்கள் விழாவுக்கு முன்னாலேயே போய்விட்டது தேதியோடு வெளியே வரும். டாக்டரம்மாவுக்கு மெமோ வரும். அவரைக் காப்பாற்றத்தான் மறைக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். பிரமுகர் காலி வண்டிக்குக் கொடியசைத்தார் என்று தெரிந்தால், தெரிந்தும் சொல்லாத என் தலையும் சேர்ந்து உருளும் என்கிற பயம்தான். நோட்டை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினேன். பிறகு என் வாழ்நாளிலேயே சிறந்த அறிக்கையை எழுதினேன்: 'மங்கல வாத்தியம் முழங்க, சிறப்பு விருந்தினர் கொடியசைத்த அரை மணி நேரத்தில், மான்கள் அனைத்தும் ஒரு கீறலுமின்றி வனம் சேர்ந்தன.'

அடுத்த மாதம் டாக்டரம்மாவுக்கு வேறு மாவட்டத்துக்கு வழக்கமான மாறுதல் வந்தது. கடைசி நாளும் டீயை ஆறவைத்துத்தான் குடித்தார். நோட்டைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவர் வைக்கிறேன் என்று சொன்னால் வைத்திருப்பார் என்று நம்புகிற ஆள் அவர்.

என் அறிக்கை நன்றாக இருந்ததால் மேலே போயிற்று. மேலே போனது பல ஊருக்கு நகலாக இறங்கியது. ஒருநாள் வேறொரு மாவட்டத்திலிருந்து என்னைப் போல ஒருவர் போன் செய்தார். அவர்கள் பூங்காவிலும் மான் பெருகிவிட்டதாம். எங்கள் முறைப்படியே செய்யப்போகிறார்களாம்.

"சார், ஒரே ஒரு விவரம். வாத்தியம்னு போட்டிருக்கீங்க. என்ன வாத்தியம் சார் வெச்சீங்க?"

அப்போது சொல்லியிருக்கலாம். இழுப்பறை என் முழங்காலுக்கு நேரே இருந்தது. "எல்லாம் அறிக்கைல இருக்கு சார்" என்றேன்.

சில வாரம் கழித்து டாக்டரம்மாவிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரித்தார். என் மனைவியைக் கேட்டார். பிறகு சொன்னார்.

"பக்கத்து ஊர்ல மான் புடிச்சாங்களாம். போஸ்ட்மார்ட்டத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க. பதினோரு மான். ஒண்ணு மேலயும் ஒரு கீறல் இல்ல சார்."

நான் பூட்டிய இழுப்பறையைப் பார்த்தேன்.

"அவங்க கையில உங்க அறிக்கை இருந்துச்சு. வாங்கிப் படிச்சேன். தமிழ் நல்லா இருந்துச்சு. இணைப்பு மட்டும் இல்ல."

அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. போனையும் வைக்கவில்லை. நான் பேசட்டும் என்று காத்திருந்தார். அவருடைய மூச்சு எனக்குக் கேட்டது. அந்த மனுஷிக்கு ஆறு வாரம் காத்திருக்கத் தெரியும். எனக்கு ஒரு நிமிடம் தாங்கவில்லை. நான்தான் போனை வைத்தேன்.

நோட்டு இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. அன்று வைக்காத இணைப்பை, யாருக்காவது பயன்படட்டும் என்று, அவர் எழுத்திலேயே கொஞ்சம் வைக்கிறேன்.

'முதல் நாள். லாரியை நிறுத்தினோம். வேறு ஒன்றும் செய்யவில்லை.

இரண்டாம் நாள். ஒன்றும் செய்யவில்லை.

பதினேழாம் நாள். கிழட்டுப் பொட்டை பலகையில் ஒரு கால் வைத்தது. எடுத்துவிட்டது. நல்லது.

இருபத்து மூன்றாம் நாள். என் சட்டையைத் துவைத்துவிட்டார்கள். யார் மேலும் தப்பு இல்லை. முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

நாற்பத்திரண்டாம் நாள். கடைசி நடை. கதவைச் சாத்தும்போது ஒன்றுகூடத் தலையைத் தூக்கவில்லை. தின்றுகொண்டே இருந்தன.'